போனில் வரும் துரை



நம் சம்பளத்தில் கை வைத்தவர்களை நாம் நன்றாக அறிவோம். தலைக்காசு வாங்கிய கங்காணியை நம் பாட்டன்மார் அறிந்திருந்தார்கள். பால் நிறுக்கும்போது தராசைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டவனை நம் தந்தைமார் அறிந்திருந்தார்கள். சம்பள நாளன்று ஆபீஸ் வாசலில் குடையை ஊன்றிக்கொண்டு நின்ற வட்டிக்காரனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவர்களுக்கெல்லாம் முகம் இருந்தது, ஊர் இருந்தது. நாலு பேராகச் சேர்ந்து போய்க் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயமும் இருந்தது. இன்று வந்திருக்கும் திருடனுக்கு முகமில்லை. தோட்டத்துக் கேட்டைத் தாண்டி வர வேண்டிய அவசியமும் அவனுக்கு இல்லை. நம் சட்டைப் பைக்குள்ளிருந்தே மணியடிக்கிறான்.

அவன் அடிக்கும் கொள்ளை சில்லறைக் கொள்ளையன்று. போனையும் இணையத்தையும் கருவியாகக் கொண்ட மோசடிகளில் இந்நாட்டு மக்கள் 2024ஆம் ஆண்டில் மட்டும் இழந்த தொகை 150 கோடி வெள்ளிக்கு மேல். இது போலீசுக்குப் போனவர்களின் கணக்கு. வெட்கத்தால் வாயை மூடிக்கொண்டு லயத்துக்குள் கிடப்பவனின் பணம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

“இதெல்லாம் பணக்காரர் விவகாரம், நம்மிடம் என்ன இருக்கிறது?” என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். இருக்கிறது, தோழரே! உங்களுக்கே தெரியாத அளவுக்கு இருக்கிறது. தோட்டம் கைமாறுகிறது, அல்லது வீடமைப்புக்காக மரங்கள் சாய்க்கப்படுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். 1980ஆம் ஆண்டின் வேலை நிறுத்த நஷ்டஈட்டு விதிகளின்படி, 5 ஆண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஓர் ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் தர வேண்டும். 30 ஆண்டு மரம் வெட்டியவருக்கு 600 நாள். 2025இல் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளிக் குறைந்தபட்சச் சம்பளத்தை ஆண்டுக்குக் கணக்கிட்டு, 365ஆல் வகுத்துப் பார்த்தால், நாளொன்றுக்கு ஏறக்குறைய 55 வெள்ளி 90 காசு. அறுநூறு நாளுக்கு 33,500 வெள்ளி வருகிறது. இதற்கு மேல் 55 வயதில் கைக்கு வரும் சேமநிதிப் பணம். நம் ஆயுளில் இவ்வளவு பணத்தை ஒரே இடத்தில் ஒரே ஒரு முறைதான் பார்க்கிறோம். போன் திருடன் காத்திருப்பது அந்த ஒரு முறைக்காகத்தான்.

அந்தப் போன் எப்படி வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எடுத்தவுடன் இயந்திரக் குரல் ஒன்று பேசும். ஓர் எண்ணை அழுத்தச் சொல்லும். அழுத்தினால் பணிவாகப் பேசும் ஓர் அதிகாரி வருவார். பேங்கிலிருந்து என்பார், அல்லது வருமான வரி வாரியத்திலிருந்து, அல்லது தபால் பார்சல் கம்பெனியிலிருந்து என்பார். “உங்கள் போன் நம்பர் குற்றத்துக்குப் பயன்பட்டிருக்கிறது, இன்னும் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும்” என்று தொடர்புத்துறை ஆணையத்தின் பெயரைச் சொல்பவரும் உண்டு. நீங்கள் மறுப்பீர்கள். “அப்படியானால் போலீசில் புகார் செய்துவிடுங்கள், நானே லைனைத் திருப்பி விடுகிறேன்” என்பார். அடுத்து வருவது ‘இன்ஸ்பெக்டர்’. பின்னணியில் வாக்கி டாக்கி கரகரக்கும். உங்கள் பெயரில் கைது வாரண்டு இருக்கிறது என்பார். விசாரணை முடியும்வரை பணத்தையெல்லாம் ‘பத்திரமான கணக்குக்கு’ மாற்றச் சொல்வார். இல்லையேல் ஓர் ஆப்பை அனுப்பி, அதைப் போனில் ஏற்றச் சொல்வார். கடைசியாக, இது அரசாங்க இரகசியச் சட்டத்துக்கு உட்பட்ட விசாரணை, மனைவி மக்களிடம்கூட வாய் திறக்கக் கூடாது, போனையும் வைக்கக் கூடாது என்று கட்டளையிடுவார்.

மக்காவ் மோசடி என்று பத்திரிகைகள் எழுதுவது இதைத்தான். இந்தியாவில் இதற்கு டிஜிட்டல் கைது என்று பெயர். பெயர்தான் வேறு, நாடகம் ஒன்றே.

“என் அடையாளக் கார்டு எண்ணையும் வீட்டு விலாசத்தையும் சரியாகச் சொன்னானே! போலீசாக இல்லாவிட்டால் எப்படித் தெரியும்?” என்று கேட்கிறார்கள். 2017ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த செய்தியை நம்மில் பலர் மறந்துவிட்டோம். மலேசியக் கைப்பேசி வாடிக்கையாளர்களின் 4 கோடியே 62 இலட்சம் பதிவுகள் திருடப்பட்டு விலைக்கு வந்தன. இந்நாட்டின் ஜனத்தொகையைவிட அதிகமான பதிவுகள்! பெயர், விலாசம், அடையாளக் கார்டு எண் எல்லாம் அவற்றில் இருந்தன. ஆகவே உங்கள் எண்ணைச் சொல்பவன் உங்கள் எண்ணை விலைக்கு வாங்கியவன், அவ்வளவே. போனின் முகப்பில் போலீஸ் ஸ்டேஷன் நம்பரே தெரிந்தாலும் நம்ப வேண்டாம். அழைக்கும் நம்பரை வேறு நம்பராகக் காட்டுவது அவர்களுக்குச் சிறிய வித்தை. போனை வைத்துவிட்டு, பேங்கு கார்டின் பின்புறம் அச்சடித்திருக்கும் நம்பரை நாமே விரலால் அடித்து அழைத்தால் வித்தை கலைந்துபோகும். வந்த அழைப்பையே திருப்பி அழைப்பதில் பயனில்லை.

இவ்வளவையும் பத்திரிகை எழுதுகிறது, ரேடியோ சொல்கிறது, பேங்கு வாசலில் போஸ்டர் ஒட்டியிருக்கிறது. அப்படியிருந்தும் ஏன் ஏமாறுகிறார்கள்? நகரத்துப் பெரிய மனிதர்களிடம் இதற்குத் தயாராக ஒரு பதில் இருக்கிறது: ஏமாந்தவன் முட்டாள், இல்லையென்றால் பேராசைக்காரன். இந்தப் பதிலை நான் வன்மையாக மறுக்கிறேன். குறைந்த பணத்துக்கு நிறைந்த இலாபம் என்று ஆசை காட்டும் மோசடி வேறு. இந்தப் போனில் வருபவன் ஆசை காட்டவே இல்லை. அவன் காட்டுவது அச்சம். அச்சத்துக்கு அடிபணிபவனைப் பேராசைக்காரன் என்பது எந்த ஊர் நியாயம்?

அச்சம் நமக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை நம் சங்க வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் பெயரால், ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய போராட்டம் அது. சீனத் தொழிலாளருக்குச் சமமான சம்பளம், கள்ளுக்கடை ஒழிப்பு, பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் என்ற கோரிக்கைகளோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரையோ தோட்டத்து உத்தியோகஸ்தரோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்பதே அது. சம்பளத்துக்குப் போராடினார்கள் என்றால் எவருக்கும் புரியும். சைக்கிளை விட்டு இறங்காமல் போவதற்காகவும் போராடினார்கள்! நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர்.

அதிகாரக் குரலைக் கேட்டதும் கால் தானாகத் தரையில் ஊன்றும் பழக்கம், ஒரு வேலைநிறுத்தத்தோடு உடம்பை விட்டுப் போய்விடவில்லை. துரை போனார், மானேஜர் வந்தார். மானேஜர் போனால் இலாகா வருகிறது. எந்தக் கவுண்டருக்குப் போனாலும் “உட்காரு, கார்டு கொடு, கையெழுத்துப் போடு” என்று சொல்கிறார்கள். எதற்கென்று கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். கேள்வி கேட்காமல் கீழ்ப்படிவதே நல்ல குடிமகனின் இலட்சணம் என்று நூறு ஆண்டுகளாக நமக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் யாரோ, அவர்கள் வளர்த்த பயிரைத்தான் இந்தத் திருடன் அறுக்கிறான். போனில் வருபவனும் ஒரு துரைதான். நாம் சைக்கிளை விட்டு இறங்குவோம் என்று அவனுக்குத் தெரியும்.

“யாரிடமும் சொல்லாதே” என்கிறானே, இதைக் கேட்டால் சங்கத்துக்காரனுக்கு உடனே பொறி தட்ட வேண்டாமா? இதே வார்த்தையை நாம் இதற்கு முன் எங்கே கேட்டிருக்கிறோம்? “உனக்கு மட்டும் தனியாக ஏதாவது செய்கிறேன், சங்கத்தில் சொல்லாதே.” “இந்தப் பேப்பரில் இப்போதே கையெழுத்துப் போடு, வீட்டுக்கு எடுத்துப்போய்க் காட்ட வேண்டாம்.” தனியாளாக்கி அடிப்பது பழைய தந்திரம். உண்மையான போலீஸ்காரர் உங்கள் பணத்தைத் தம் கணக்குக்கு மாற்றச் சொல்ல மாட்டார். விசாரணையை வாட்ஸ்அப்பில் நடத்த மாட்டார். பேங்கு உங்கள் இரகசிய எண்ணையோ, போனுக்கு வரும் டி.ஏ.சி. எண்ணையோ வாய்விட்டுச் சொல்லும்படி கேட்காது. ஸ்டேஷனுக்கு வரச் சொன்னால், கூட இரண்டு பேரை அழைத்துக்கொண்டு போய்வருவோம். அதில் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. போனை வைத்தால் பறந்துபோகும் வழக்கு எதுவும் இந்நாட்டு நீதிமன்றத்தில் கிடையாது.

இனி, என் போன்ற கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. “நாங்கள் நாலெழுத்துப் படித்தவர்கள், எங்களிடம் இந்தப் பாச்சா பலிக்காது” என்று கணக்குப் புத்தகத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டாம். நமக்கென்று தனி வலை விரித்திருக்கிறார்கள். அதன் பெயர் தொழில்நுட்ப உதவி.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் வேலை செய்துகொண்டிருக்கும்போது திரை முழுவதும் சிவப்பாகிறது, சங்கு ஊதுகிறது. “உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது, அணைக்க வேண்டாம், உடனே இந்த நம்பரை அழையுங்கள்” என்று மைக்ரோசாப்ட் பெயரில் அறிவிப்பு வருகிறது. சில சமயம் அவனே போன் செய்கிறான். மைக்ரோசாப்ட் கம்பெனி தானாக யாரையும் அழைத்து, உன் மெஷினில் கோளாறு என்று சொல்வதில்லை. அதன் எச்சரிக்கை அறிவிப்புகளில் போன் நம்பர் இருப்பதும் இல்லை. இது தெரியாமல் அழைத்துவிட்டால், எதிர் முனையில் இருப்பவன் பொறுமையாகப் பேசுவான். ஈவெண்ட் வியூவர் என்ற பதிவேட்டைத் திறக்கச் சொல்வான். அதில் சிவப்புப் புள்ளிகளும் மஞ்சள் புள்ளிகளும் வரிசையாக நிற்கும். “பார்த்தீர்களா, எத்தனை வைரஸ்!” என்பான். விண்டோஸ் ஓடும் எந்த மெஷினிலும் அன்றாடம் சிறு சிறு தடங்கல்கள் அந்தப் பதிவேட்டில் விழுந்துகொண்டுதான் இருக்கும். அவற்றால் ஒரு கேடும் இல்லை. எடை போடுபவன் மட்டும் முள்ளைப் பார்த்து, நமக்குத் தொகையை மட்டும் சொன்ன காலம் ஒன்று இருந்ததே, அந்தத் தராசுதான் இது.

அப்போதும் சந்தேகப்பட்டால் அடுத்த அஸ்திரம் வைத்திருக்கிறான். “உங்கள் மெஷினின் தனி எண் எங்கள் ரிஜிஸ்டரில் இருக்கிறது, வாசிக்கிறேன், சரிபாருங்கள்” என்று கறுப்புத் திரையில் ஒரு சொல்லை அடிக்கச் சொல்வான். வரும் நீண்ட வரிசையில் 888 என்று தொடங்கும் ஓர் எண் இருக்கும். அவன் எழுத்துப் பிசகாமல் வாசிப்பான். நமக்கு வியர்த்துவிடும். உலகத்திலுள்ள விண்டோஸ் மெஷின் எல்லாவற்றிலும் அதே எண்தான் இருக்கிறது! “உங்கள் வீட்டுக்கு ஒரு கூரை உண்டு” என்று குறி சொல்லித் தட்சணை வாங்குபவனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்?

நம்பிவிட்டோம் என்று தெரிந்ததும், தூரத்திலிருந்து மெஷினை இயக்கும் புரோகிராம் ஒன்றை ஏற்றச் சொல்வான். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை நல்ல காரியத்துக்காக ஏற்பட்ட கருவிகளே. அவற்றின்மேல் குற்றமில்லை. உளி பட்டையையும் சீவும், விரலையும் சீவும். ஆனால் அது ஏறியபின் மவுஸ் நம் கையில் இருக்கும், ஓட்டம் அவன் கையில் இருக்கும். ‘பழுது பார்த்த’ கட்டணம் 300 வெள்ளி என்று வாங்கியவன், சில நாள் கழித்து “கம்பெனி மூடப்படுகிறது, பணத்தைத் திருப்பித் தருகிறோம்” என்று மீண்டும் வருவான். பேங்குப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, திரையில் தெரியும் எழுத்துகளை மாற்றி, 300க்குப் பதில் 30,000 வந்துவிட்டதுபோல் காட்டுவான். “ஐயோ, தவறிப்போய் அதிகம் அனுப்பிவிட்டேன், என் வேலை போய்விடும், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்” என்று அழுவான். கணக்கில் ஒரு காசும் ஏறியிருக்காது. நாம் அனுப்புவது நம் சொந்தப் பணம். நேர்மையானவனாக இருப்பதுதான் இதில் ஏமாறத் தேவையான தகுதி!

இந்த வித்தையில் அமெரிக்க மக்கள் 2023ஆம் ஆண்டில் மட்டும் இழந்தது 90 கோடி டாலருக்கு மேல். போன் செய்தவர்களில் பலர் நம் பூர்வீக நாட்டில் இருந்தார்கள் என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். 2023 அக்டோபரில் இந்தியாவின் சி.பி.ஐ., மைக்ரோசாப்ட், அமேசான் கம்பெனிகள் கொடுத்த தகவலின் பேரில், பல மாநிலங்களில் 76 இடங்களைச் சோதனையிட்டது.

நம் ஆபீஸ் கம்ப்யூட்டர் அகப்பட்டால் போவது கிராணியின் பணம் மட்டுமல்ல. சம்பளப் பட்டியல் அதில் இருக்கிறது. முந்நூறு பேரின் அடையாளக் கார்டு எண், பேங்குக் கணக்கு எண், போன் நம்பர் எல்லாம் அதில் இருக்கின்றன. ஆகவே சங்கு ஊதினால் ஊதட்டும். பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகு நிதானமாக, நமக்குத் தெரிந்த மெக்கானிக்கை நாமே கூப்பிடலாம்.

பால்மரத் தோழர்களின் போனுக்கு வருவது இதன் தம்பி. கலியாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் ஒரு பைல் வரும். தொட்டுத் திறந்தால் ஓர் ஆப் ஏறிக்கொள்ளும். பேங்கு அனுப்பும் டி.ஏ.சி. எண்ணை நமக்கு முன்னால் அது படித்துவிடும். 2022இல் வீடு சுத்தம் செய்யும் கம்பெனிகளின் பெயரில் இதே ஆப் வித்தை நடந்தது. அழைக்கும் வீட்டார் யாரென்றே தெரியாத கலியாணத்துக்கு நாம் எப்போது போயிருக்கிறோம்?

சரி, எதிர் முனையில் பேசுபவன் யார்? இதைக் கேட்காமல் விட்டால் இது தொழிற்சங்கப் பத்திரிகை ஆகாது. அவர்களில் கொழுத்த முதலாளிகளும் உண்டு, கூலிக்குப் பேசும் கயவர்களும் உண்டு. ஆனால் முள்வேலிக்குள் அடைபட்டுப் பேசுபவர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும், கம்போடியாவில் ஏறக்குறைய 100,000 பேரும் இவ்வாறு பலவந்தமாக மோசடி வேலையில் ஈடுபடுத்தப்பட்டிருக்கலாம் என்று 2023 ஆகஸ்டில் ஐக்கிய நாட்டு மனித உரிமை அலுவலகம் அறிவித்தது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம், டிக்கெட் இலவசம் என்ற விளம்பரத்தை நம்பிப் போனவர்கள் இவர்கள். எல்லை தாண்டியதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். நாளுக்கு இத்தனை பேரை ஏமாற்ற வேண்டும் என்று கணக்கு வைத்து, குறைந்தால் அடிக்கிறார்கள், மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். மலேசிய இளைஞர்களும் சிக்கினார்கள். 2022 அக்டோபரில் மியன்மாரின் மியாவடிப் பகுதியிலிருந்து மீட்கப்பட்டுச் சென்னை வந்திறங்கியவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்கள் 13 பேர்.

ஆசை வார்த்தை சொல்லிக் கப்பலேற்றுவது, வந்தபின் கடன் கணக்கைக் காட்டித் தப்ப முடியாமல் கட்டிவைப்பது, வேலைக் கணக்குக் குறைந்தால் பிரம்பு. இந்தக் கதையை நாம் யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை, நம் குடும்பக் கதையே அதுதான். ஆகவே வேலையில்லாத நம் பிள்ளைகளுக்கு வெளிநாட்டு விளம்பரம் வந்தால், முதலில் அதைச் சங்கக் கிளைக்குக் கொண்டுவந்து காட்டட்டும்.

உள்நாட்டிலேயே இன்னொரு கண்ணியும் இருக்கிறது. கொள்ளைப் பணம் கைமாறக் கணக்குகள் வேண்டும். “உன் பேங்குக் கார்டையும் பின் நம்பரையும் கொடு, சும்மா இருக்கும் கணக்குத்தானே, சில நூறு வெள்ளி தருகிறேன்” என்று நம் பையன்களிடம் கேட்கிறார்கள். சும்மா இருந்த கணக்கில் அடுத்த நாள் ஒரு கிழவியின் சேமநிதி வந்து இறங்கும். அவள் வேறொரு தோட்டத்துப் பால்மரக்காரியாகவே இருக்கலாம். கணக்கை வாடகைக்கு விடுவதையே குற்றமாக்கி 2024இல் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. எனக்குத் தெரியாது என்ற சமாதானம் இனி எளிதில் எடுபடாது. சிறைக்குப் போகிறவன் நம் பையன், தலைவன் எந்த நாட்டில் இருக்கிறானோ!

இப்போது பேங்குகளிடம் வருகிறேன். பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையோரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்று பாருங்கள். தோட்டங்களிலிருந்து சாமான் வாங்க வந்த முதியோர், போன் கடைகளின் முன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். பேங்கு ஆப்பை ஏற்றிக்கொடு, தம்பி, என்று கேட்கிறார்கள். கடைப் பையன் ஏற்றுகிறான், கடவுச்சொல்லும் அவனே வைக்கிறான், மறக்காமலிருக்க அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் போன் உறைக்குள்ளேயே செருகிக் கொடுக்கிறான். அவன்மேல் தவறில்லை, உபகாரம்தான் செய்கிறான். ஆனால் இந்த வேலையைச் செய்ய வேண்டியது யார்? கவுண்டரைக் குறைத்து, ஆளைக் குறைத்து, “எல்லாம் ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி இலாபத்தை எடுத்துக்கொண்டவர்கள் யாரோ, அவர்களல்லவா? இலாபம் அவர்களுக்கு, அபாயம் நமக்கு!

அந்தச் சாலைக்குப் பெயர் கொடுத்த துன் வீ. தி. சம்பந்தன், துண்டாடப்பட்ட தோட்டங்களை வாங்குவதற்காக 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டினார். தோட்டம் தோட்டமாகப் போய், ஆளைப் பார்த்துப் பேசித்தான் அந்தப் பணம் சேர்ந்தது. இன்று நம் பணத்தை வைத்திருப்பவர்கள் தோட்டத்துக்கு வந்து அரை நாள் உட்கார்ந்து தமிழில் விளக்கம் சொன்னால் குடிமுழுகிப் போகுமா?

ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2022 செப்டம்பரில் பேங்கு நெகாரா கண்டிப்பான உத்தரவுகள் போட்டது. குறுஞ்செய்தியில் டி.ஏ.சி. அனுப்பும் முறையைக் கைவிட வேண்டும், புதிய போனில் ஆப் ஏற்றினால் சிறிது காலம் காத்திருந்த பின்பே பணம் அனுப்ப முடிய வேண்டும், சந்தேகம் வந்தவுடன் கணக்கைத் தாமே முடக்கும் வசதி வாடிக்கையாளருக்கு வேண்டும் என்றெல்லாம் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் 997 என்ற அவசர நம்பரோடு தேசிய மோசடித் தடுப்பு மையமும் வந்தது. நல்ல காரியங்கள்தாம். ஆனால் போன பணம் யார் தலையில் விழுகிறது என்ற கேள்விக்கு மட்டும் பதில் மழுப்பலாகவே இருக்கிறது. “நீங்களே பட்டனை அழுத்தினீர்கள், ஆகவே நீங்களே பொறுப்பு” என்ற கடிதம் வீட்டுக்கு வருகிறது.

நம் பழைய துரைமார்களின் நாடான பிரிட்டனில் நிலைமை என்ன தெரியுமா? 2024ஆம் ஆண்டு அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தானே பணம் அனுப்பியவருக்கும், 85,000 பவுன் வரை பேங்குகள் திருப்பித் தர வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அனுப்பிய பேங்கும், பெற்றுக்கொண்ட பேங்கும் ஆளுக்குப் பாதி. வாடிக்கையாளர் படுமோசமான அசட்டை காட்டினார் என்று மறுக்க நினைத்தால், அதை நிரூபிப்பது பேங்கின் வேலை. சிங்கப்பூரிலும் 2024 டிசம்பரில் பேங்குகளையும் போன் கம்பெனிகளையும் பொறுப்பாக்கும் ஏற்பாடு வந்தது. ஆனால் போலி வலைப்பக்க மோசடிக்கு மட்டுமே அது பொருந்தும், தானே அனுப்பிய பணத்துக்குப் பொருந்தாது என்பதால் அதை நான் பெரிதாகப் புகழ மாட்டேன். பெற்றுக்கொண்ட பேங்கும் பாதி கொடுக்க வேண்டும் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. திருடனுக்குக் கணக்குத் திறந்து கொடுத்தவனுக்கும் வலித்தால், கணக்குத் திறக்கும்போதே கண்ணைத் திறந்து பார்ப்பான். இலண்டன்காரனுக்கு உள்ள பாதுகாப்பு இலாடாங்குக்காரனுக்கு ஏன் இல்லை என்று நம் சங்கத் தலைமையும், தொழிற்சங்கக் காங்கிரசும் நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டிக் கேட்க வேண்டும்.

இடையில், பறிகொடுத்த தோழர் செய்ய வேண்டியதில் தாமதம் கூடாது. திருடிய பணம் ஒரு கணக்கில் தங்குவதில்லை. சில நிமிஷங்களில் நாலைந்து கணக்குகள் தாண்டி ஓடிவிடும். பிரட்டு முடியட்டும், பால் ஸ்டோருக்குப் போகட்டும், மகன் கிள்ளானிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தால் காலி. நின்ற நிரையிலேயே, மங்கை அப்படியே விட்டுவிட்டு, பேங்கையோ 997ஐயோ அழைக்க வேண்டும். பிறகு போலீஸ் புகார். பேங்கு கைவிரித்தால், 2025 ஜனவரியில் தொடங்கிய நிதிச் சந்தை குறைதீர்ப்பு நிறுவனத்திடம் கட்டணமின்றி முறையிடலாம். மனு எழுதத் தெரியாவிட்டால் கிராணிமார் எதற்கு இருக்கிறோம்?

அடுத்த கிளைக் கூட்டங்களில் மூன்று தீர்மானங்களை முன்மொழியும்படி கிளைச் செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்துக்கு ஆண், பெண் இருவரைப் போன் விவகாரத்துக்கென்று பொறுப்பாளராக நியமிப்பது முதலாவது. சந்தேகமான அழைப்பு வந்தவர் நடுராத்திரியானாலும் அவர்கள் கதவைத் தட்டலாம். ஏமாந்து வந்தவரை யாரும் ஏளனம் செய்யக் கூடாது என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதிவிட வேண்டும். நஷ்டஈடோ சேமநிதியோ பெறுபவருக்கு, பணம் கணக்கில் ஏறுவதற்கு முந்திய வாரத்திலேயே பேங்கு ஆளை அழைத்துத் தமிழில் விளக்கம் கொடுக்க நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது இரண்டாவது.

மூன்றாவது நம் ஆபீஸ் சம்பந்தப்பட்டது. தொழிலாளரின் அடையாளக் கார்டு நகல்களும் பேங்குப் புத்தக நகல்களும் பல தோட்ட ஆபீஸ்களில் திறந்த அலமாரியில் தூசி படிந்து கிடக்கின்றன. குத்தகைக்காரன் வருகிறான், சாமான் விற்பவன் வருகிறான், யார் வேண்டுமானாலும் புரட்டலாம். அந்த அலமாரிக்குப் பூட்டுப் போட்டு, சாவி யாரிடம் இருக்கிறது என்பதை நிர்வாகம் கிளைக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மாத முடிவுக்குள் பதில் வராத தோட்டங்களின் பெயர்களைத் தலைமைச் செயலகத்துக்கு எழுதி அனுப்புங்கள்.